முன்சீட்டுக்காரி

அல்-உலா, சவூதி
12.1.2025

அன்பான கலாவுக்கு,

நான் சுகம். நீயும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். போனில் என்னை பிளாக் செய்துவிட்டாயே, அம்மாவிடமும் தனியாகப் போன் இல்லை, அதனால் ஊருக்குக் கிளம்பும் கோட்டக்குப்பம் பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் அனுப்பிய போட்டோவில் என் டூரிஸ்ட் வேன் முன்சீட்டில் சிரிக்கிறவள் பெயர் ஷாலினி. நம்ம விழுப்புரம்தான், ஜித்தாவில் நர்ஸ். பின்னால் உட்கார்ந்தால் வாந்தி வருமாம். வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழே இறங்கி அந்தப் போட்டோவை எடுத்ததே அவள் புருஷன்தான். போதுமா?

ஜித்தாவிலிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்டம். வெறும் மணல். அப்புறம் திடீரென்று இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை. சாயங்கால வெயில் பட்டதும் செங்கல் சூளை மாதிரி கனன்றது. ஒன்று அசல் யானை போலவே தும்பிக்கை ஊன்றி நிற்கிறது. நான் வண்டியைவிட்டு இறங்கி வாய் பிளந்து நின்றேன்.

பிளாக்கை எடு.

உன்,
பிரேம்குமார்

திண்டிவனம்
2.2.2025

மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முட்டிவலிதான் குறையவில்லை.

அவளுக்குப் புருஷன் இருக்கட்டும், பத்துப் பிள்ளைகூட இருக்கட்டும். எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் இங்கே டாக்சி ஓட்டினீர்களே, அந்த முன்சீட்டில் நான் ஒரு தடவை உட்கார்ந்திருப்பேனா? "சவாரி கீது, நீ பஸ்ல போய்டு" என்பீர்கள். இதோ இருக்கிற செஞ்சிக்கோட்டையைக்கூட பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அவள்மேல் மட்டுமில்லை, அந்தப் பாறைமேலும் எனக்குப் பொறாமைதான். என்னை எப்போது அப்படி நின்று பார்த்தீர்கள்?

மார்ச்சோடு கான்ட்ராக்ட் முடிகிறது. வந்துவிடுங்கள். அதுவரைக்கும் பிளாக் இருக்கும்.

சூர்யகலா

ஜித்தா
10.2.2025

கலா,

சின்னப் பிள்ளை மாதிரி எழுதாதே. செஞ்சி எங்கே ஓடிவிடப் போகிறது? கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். மாடி எழுப்ப வேண்டாமா? இது சீசன். நாளைக்கு மறுபடியும் அல்-உலா.

பிரேம்

திண்டிவனம்
22.2.2025

மாமாவுக்கு,

நலம். செஞ்சிக்குப் போய்வந்தேன். அடிவாரத்தில் எடுத்த போட்டோவை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். என் பின்னால் தெரிகிறதே, அதுவும் பாறைதான். நீங்கள் தாராளமாகக் கையெழுத்துப் போடுங்கள்.

சூர்யகலா

ஜித்தா
4.3.2025

கலாவுக்கு,

போட்டோ கிடைத்தது. அந்தப் பச்சைப் புடவையை நான் பார்த்ததே இல்லை. அது போகட்டும். எடுத்தது யார்? நீ போனைப் பார்க்கவில்லை, எடுக்கிற ஆளைப் பார்த்துச் சிரிக்கிறாய். என்னைப் பார்த்து இப்படி ஒரு நாள் சிரித்திருக்கிறாயா?

ரூமில் திருமுருகன், "அண்ணி சூப்பரா கீறாங்க, யார்ணா எடுத்தது?" என்று கேட்டான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னும் சரியாக இறங்கவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. கம்பெனியில் நாள் கேட்டிருக்கிறேன். டிக்கெட் மட்டும் எடுத்துவிட்டேன், 28ஆம் தேதி சென்னையில் இறங்குகிறேன். அதுவரை பொறுக்க முடியாது. யார் என்று ஒரு வார்த்தை எழுதிவிடு.

உன்,
பிரேம்குமார்

திண்டிவனம்
15.3.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் மறுபடியும் படித்தேன். கல்யாணமான நாளிலிருந்து என்னை நினைத்து உங்களுக்குச் சோறு இறங்காமல் போனது இதுதான் முதல் தடவை. பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்.

போட்டோ எடுத்தது உங்கள் அம்மா. "அவன் மட்டும் ஊரு ஊரா சுத்திக்கினு கீறான், நாம இங்கயே குந்திக்கினு கெடக்கணுமா? கெளம்புடி" என்று முட்டிவலியோடு பஸ் ஏற்றியதே அத்தைதான். போனைத் திருப்பிப் பிடித்து, முதலில் தன் மூக்கைத்தான் எடுத்தார்கள். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

கோட்டக்குப்பத்திலிருந்து நாளைக்கு ஒருவர் ஜித்தாவுக்குக் கிளம்புகிறார். அவரிடம் இதைக் கொடுக்கப் போவதில்லை. விஷயம் தெரிந்தால் நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே இருந்துவிடுவீர்கள். ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். நீங்கள் வெளியே வந்த பிறகு கையில் தருகிறேன்.

உங்கள்,
கலா