கதிர் பெயரில் என் ஸ்கீ

டிசம்பர் 7, சனி

டாஹோ மலையில் நேற்று முழுக்கப் பனி. போனில் அங்கே வைத்திருக்கும் கேமராவின் படத்தைப் பார்த்துக்கொண்டே தோசை ஊற்றினேன், இரண்டு கருகிவிட்டன. இந்நேரம் நான் அங்கே இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் குழந்தைகளுக்கு ஸ்கீ கட்டிப் பனியில் சறுக்கச் சொல்லிக்கொடுப்பேன். என் புருஷன் கதிரின் அப்பா அம்மா தாராபுரத்திலிருந்து இங்கே சான்டா கிளாராவுக்கு வந்ததோடு அது நின்றது.

வந்த அன்றே மாமா பால்கனியில் என் ஸ்கீயைப் பார்த்து, "இதென்ன கண்ணு கட்டை, யாருது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கதிர், "என்னுதுங்கப்பா" என்றான். நான் சம்பாதித்து வாங்கின சோபாகூட அவர்களைப் பொறுத்தவரை அவன் வாங்கினதுதான். அப்படிச் சொல்லியே எங்களுக்குப் பழக்கம். நானும் மண்டையை ஆட்டினேன். இந்த மண்டையை என்ன செய்வது?

டிசம்பர் 14

அத்தை ஊருக்கெல்லாம் போன் போட்டு, "எங்க கதிரு பனிமலையில சறுக்கறானுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால் இன்று அவன் ஸ்கீ 'போக' வேண்டியதாயிற்று. என் ஸ்கீயைக் கார் மேல் கட்டிக்கொண்டு போய், லைப்ரரியில் உட்கார்ந்து படம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினான். அத்தை வெந்நீர் வைத்து அவன் காலைப் பிடித்துவிட்டார்!

ஸ்கீ வெளியே போய்வந்தது. நான் ரசம் வைத்தேன்.

டிசம்பர் 15

சண்டை. "இப்பப் போய்ச் சொன்னா அம்மா ஃபீல் பண்ணுவாங்கடி. மார்ச்ல கிளம்பிடுவாங்க, அதுவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணு."

அதற்குள் வகுப்பே முடிந்திருக்கும். மார்ச்சில் நான் யாருக்குச் சொல்லிக்கொடுப்பேன்? மரத்துக்கா?

டிசம்பர் 28

ஸ்கீ பள்ளியின் தலைவி லாராவிடமிருந்து மெசேஜ். ஜனவரி முடிவதற்குள் வராவிட்டால் என் வகுப்புப் பிள்ளைகளை வேறொருவரிடம் கொடுத்துவிடுவாளாம். அவளைக் குறை சொல்ல முடியாது.

அமெரிக்கா வந்த பிறகு பல வருடம் எனக்கு எங்கேயும் மனசு ஒட்டவில்லை. அந்த மலையில்தான் ஒட்டியது. வடக்குச் சரிவில் மதியம்வரை பனி மாவாகக் கிடக்கும். தெற்கே வெயில் பட்டு இளகி, நிழல் விழுந்ததும் கல்லாக இறுகும். ஸ்கீக்கு அடியில் கேட்கும் சத்தத்தை வைத்தே எங்கே நிற்கிறேன் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். அங்கே யாரும் எனக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. மரகதம் என்றால் யார் என்று கேட்டால் அந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

இங்கே, இந்த இரண்டு பெட்ரூமுக்குள், மூச்சு முட்டுகிறது. யாரும் கெட்டவர்கள் இல்லை. அதனால் கத்தவும் முடியவில்லை.

ஜனவரி 4

மாமா கதிரிடம்: "ஒருக்கா நீ சறுக்கறதப் பாத்துட்டுத்தான் ஊருக்குப் போவேன் கண்ணு."

கதிர் கண்ணாலேயே என்னைக் கெஞ்சினான். நான், "அடுத்த சனிக்கிழமை போலாங்க மாமா" என்றேன். கொஞ்சம் கொழுப்புத்தான். ஆனால் மலையைப் பார்க்கலாமே.

ஜனவரி 10

கதிரின் வாடகை பூட்ஸுக்குப் பொருந்த வேண்டும் என்று கடைக்காரர் என் ஸ்கீயின் திருகுகளைத் தளர்த்தினார். என் காலுக்கென்று வைத்திருந்த அளவு. கடையிலேயே அழுகை வந்துவிட்டது. ஜலதோஷம் என்றேன்.

ஜனவரி 11

கதிருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது.

குழந்தைகள் பழகும் இடத்தில் நின்று இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடு என்றுதான் சொல்லியிருந்தேன். அப்பா கைதட்டியதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மலைமேல் தூக்கிப்போகும் நாற்காலி லிஃப்டில் ஏறிவிட்டான். நான் கீழே சாதா ஷூவோடு அத்தைக்குக் குல்லா மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். மேலிருந்து நேராக வந்தான். திரும்பவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. "உக்காரு கதிர்! கீழ உக்காந்துரு!" — காது கேட்டால்தானே? கயிற்று வேலியில் போய்ச் சுருண்டான்.

மீட்புக் குழுவிலிருந்து டேவ் வந்தார். என்னைப் பார்த்ததும், "மாரா! எங்கே போனாய்? உன் பிள்ளைகள் உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்" என்றார். அங்கே எல்லோருக்கும் மரகதம் 'மாரா'தான். டிக்கெட் பார்க்கும் பெண்ணும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

அத்தை என்னையே பார்த்தார். "இவங்களுக்கெல்லாம் உன்னய எப்படித் தெரியும்?"

"அந்தக் கட்டை என்னுதுங்க அத்தை."

"ஆமாங்கம்மா, அவளுதுதான்" என்று கதிர் படுத்தபடியே முனகினான். அந்த நேரத்திலும் அவன்மேல் கொஞ்சம் பாசம் வந்தது, சனியன்.

காலுக்குக் கட்டுப் போட்டதும் நான்தான் காரை ஓட்டிவந்தேன்.

ஜனவரி 12

அத்தை காலையில் வெடித்தார். "ஊரெல்லாம் சொல்லி வெச்சனே! ரெண்டு பேரும் சேந்து எங்களக் கிறுக்காக்கிட்டீங்க." நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன். ஆனால் ஒன்று, நான் சறுக்குவதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை. அதையும் சேர்த்துத் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 18

போகவில்லை. கதிரின் காலுக்குத் தலையணை, மருந்து, கஞ்சி. லாராவுக்கு என்ன எழுதுவது?

ஜனவரி 24, வெள்ளி

புளிசாதம் கிளறிக்கொண்டிருந்த அத்தை திரும்பிப் பார்க்காமலே, "நாளைக்குச் சனிக்கிழமைதான? போயிட்டு வா. ஒருத்தன் காலுக்கு மூணு பேரு எதுக்குக் காவல்?" என்றார்.

மாமா இன்னும் என்னோடு பேசவில்லை. டிவி சத்தத்தை மட்டும் கூட்டினார்.

ஜனவரி 26

நேற்று முழுக்க வடக்குச் சரிவில் இருந்தேன். திருகுகளை மறுபடி என் அளவுக்கு இறுக்கிக்கொண்டேன். பிள்ளைகள் என்மேல் விழுந்து புரண்டார்கள். லிஃப்டில் தனியாகப் போகும்போது வாய்விட்டு அழுதேன்.

நான் இல்லாதபோது நடந்ததைக் கதிர் இன்று சொன்னான். பக்கத்து வீட்டு ஜலஜா ஆன்ட்டி அவன் காலைப் பார்க்க வந்தாராம். "உங்க பையன் ஸ்கீயிங்ல பெரிய எக்ஸ்பர்ட்டுன்னு சொன்னீங்களே, எப்படி விழுந்தார்?" என்று கேட்டிருக்கிறார்.

அத்தை வெங்காயம் உரித்தபடியே சொன்னாராம்: "அவனுக்கு அதெல்லாம் வராதுங்க. எங்க மரகதந்தான் சறுக்கறவ. இப்பவும் மலைக்குத்தான் போயிருக்கா, பொழுதோட வந்துருவா."