சூடத்தின் மேல் வைத்த கை

பிரிக்ஃபீல்ட்ஸ்,
3 மார்ச் 2024

அன்புள்ள ராஜினி,

என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் கடிதம் எழுதுகிறேன். கிள்ளானில் உன் தங்கை வீட்டில் நீயும் ஜனகாவும் சுகமா? இங்கே வீடு வீடாக இல்லை.

நேற்று டாக்டர் மாதவியைப் பார்த்தேன். உனக்கு வந்த அதே மரு எனக்கும் அதே இடத்தில் வந்திருக்கிறது. "எச்.பி.வி. வைரஸ் சார். உறவு வச்சுக்கிறப்ப தோலோடு தோல் பட்டாலே ஒட்டும். ஆணுறையும் முழுசாத் தடுக்காது. வருஷக் கணக்கா சத்தமில்லாம இருந்துட்டு வெளியே வரும். யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியாது லா" என்றார். என் சிகரெட்டும் சர்க்கரை வியாதியும் அதற்குத் தோதாம்.

இது தெரியாமல் உன்னைச் சந்தேகப்பட்டு, என் குணபூசணி அக்காவையும் அத்தானையும் சாட்சிக்குக் கூப்பிட்டு, கோவிலில் உன்னைச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தேன். சே, என்ன மனிதன் நான்! வந்துவிடு.

உன்,
ஜெயந்திரன்


கிள்ளான்,
11 மார்ச் 2024

ஜனகாவின் அப்பாவுக்கு,

சுகம்தான். மருந்து போடுகிறேன். கையில் பட்ட சூடும் ஆறிவிட்டது.

டாக்டர் சொன்னதையெல்லாம் எழுதினீர்கள், ஒன்றைத் தவிர. எத்தனை பேரோடு பழக்கமோ அவ்வளவுக்கு ஆபத்தும் கூடும் என்று என்னிடம் சொன்னவர் உங்களிடம் சொல்லாமலா இருந்திருப்பார்? இருபத்து மூன்று வயதில் உங்களைக் கட்டினேன். வேறு யாரையும் எனக்குத் தெரியாது. "எவன் அவன்?" என்று என்னை மூன்று வாரம் குடைந்தீர்கள். உங்களை ஒருவரும் கேட்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன். உண்மை எதுவானாலும் அதை அக்கா, அத்தான் முன்னால் சொல்லுங்கள். அவர்கள் முன்னால் போன என் மானம் அவர்கள் முன்னால்தான் திரும்ப வேண்டும். சொன்னால் வருகிறேன்.

ராஜினி


பிரிக்ஃபீல்ட்ஸ்,
17 மார்ச் 2024

என் ராஜினிக்கு,

மறைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன் ஜொகூரில் வேலை பார்த்தபோது சிலரோடு பழக்கம் இருந்தது. ஜனகா பிறந்த வருஷமும் ஒருத்தி. நீ சூடத்தின் மேல் கை வைத்தபோது அவள் முகம்தான் என் கண் முன்னால் நின்றது. அப்போதும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன். ஆனால் அக்கா என்னைப் பெற்ற தாய் மாதிரி வளர்த்தவள். அவள் முன்னால் இதை எப்படியம்மா சொல்வேன்? நீ கொஞ்சம் பெரிய மனசு பண்ணு. நமக்குள்ளேயே இருக்கட்டும்.

ஜெயந்திரன்


கிள்ளான்,
2 ஏப்ரல் 2024

ஜனகாவின் அப்பாவுக்கு,

என்னிடமாவது உண்மையைச் சொன்னீர்களே. நோய் வந்ததில் எனக்குக் கோபம் இல்லை. அது யாருக்கும் வரக்கூடியது. பழைய கதையைக்கூட அழுது தீர்த்திருப்பேன். ஆனால் உங்கள் தவறு உங்களுக்கே தெரிந்திருந்தும் என் கையை நெருப்பில் வைக்கச் சொன்னீர்கள். இப்போதும் உங்கள் மானத்தைத்தான் பார்க்கிறீர்கள். நான் வர மாட்டேன்.

சிகிச்சையைப் பாதியில் விடாதீர்கள். சிகரெட்டையும் விடுங்கள்.

ஜனகாவின் பள்ளியில் இந்த வைரஸுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். "அப்பாகிட்டயும் கேக்கணுமாம்மா?" என்றாள். சம்மதப் பாரத்தில் பெற்றோரில் ஒருவர் கையெழுத்து போதுமாம். நான் போட்டுவிட்டேன்.

ராஜினி