முன்வாசல் வழியாகவே போனேன், மாமா

என் மாமாவுக்கு,

"நீ" என்றே எழுதுகிறேன். நாலு பேர் எதிரில் "நீங்க", தனியாக இருந்தால் "நீ" என்றுதானே நமக்குள் ஏற்பாடு? இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கத்தான் போகிறார்கள். படிக்கட்டும். நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது, இனிமேல் யாருக்காக மரியாதையை மாற்றி மாற்றிப் போடுவது?

முதலில் சேதி. போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஓசூர் பாகலூர் ரோட்டில் இருக்கிற அந்த இத்தாலி ஓட்டலுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஆமாம், ஏழு வருஷம் நீ பேசில் இலை கொண்டுபோய்ப் போட்ட அதே ஓட்டல்தான். புருஷனைப் பறிகொடுத்து வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் ஓட்டலில் உட்கார்ந்து பீட்சா தின்கிறாள் என்று தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் ரெண்டு பேர் பேசிக்கொண்டார்களாம். நம் மகள் காவ்யா வந்து சொன்னாள். தின்றேன். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டுதான் தின்றேன். அடுத்த முறை அந்த ரெண்டு பேரையும் வேண்டுமானால் கூட்டிப்போகிறேன்.

உன்னை எத்தனை தடவை கேட்டிருப்பேன், ஞாபகம் இருக்கிறதா? "ஒரு நாள் கூட்டிட்டுப் போ மாமா, நம்ம இலைய வச்சி என்னதான் பண்றாங்கன்னு பாக்கலாம்" என்பேன். நீ சிரித்துக்கொண்டே சொல்வாய்: "நாம சரக்கு போடறவங்க மஞ்சு. பின்பக்கமா போறவங்க முன்பக்கம் போயி உக்காந்தா நல்லாவா இருக்கும்? செருப்பெல்லாம் செம்மண்ணு." அன்றைக்கே எனக்குக் கோபம். இப்போதும் கோபம்தான். போனவர்கள் மேல் கோபம் கூடாது என்கிறார்கள். உன்மேல் கோபப்படாமல் நான் வேறு யார்மேல் கோபப்படுவது?

ஏழு வருஷம் நீ விளைவித்ததை ஒரே ஒரு நாள்கூட மேசையில் உட்கார்ந்து சாப்பிடாமலே போய்விட்டாய். யார் உன்னைத் தடுத்தார்கள், சொல்லு? அந்தக் கதவில் பூட்டா இருந்தது?

பேசில் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள், அவர்களுக்காக ஒரு வார்த்தை. அது துளசி ஜாதி. ஆனேக்கல்லில் என் அம்மா வீட்டில் காமகஸ்தூரி என்பார்கள், இங்கே திருநீற்றுப் பச்சிலை. இத்தாலிக்காரர்களின் சமையலுக்கு அது நமக்குக் கறிவேப்பிலை மாதிரி. நம் கொல்லையில் பச்சை வலையால் கூடாரம் போல மூடிய நெட்டுக்குள் நீ முதல் முதலாக அதை விதைத்தபோது செடியெல்லாம் கதிர் விட்டுப் பூத்தது. துளசி கதிர் விட்டால் வீட்டுக்கு நல்லது என்று நீ எனக்கும் காவ்யாவுக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாய். பார்த்துப் பார்த்துக் கதிரோடு அறுத்து, பிளாஸ்டிக் கிரேட் நிறைய அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடிக் கொண்டுபோனாய்.

கிரேட் அப்படியே திரும்பி வந்தது. பூ விட்டால் இலை கசந்துபோகும், பூக்க நினைக்கும்போதே நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்று சமையல்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். பெருமாளுக்கு ஆகிற கதிர் பீட்சாவுக்கு ஆகவில்லையே என்று நீ அன்று முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாய். பிறகு கிள்ளக் கற்றுக்கொண்டாய். ஆனாலும் "பூக்கப்போறத கிள்றமே, பாவம் இல்லியா" என்று முணுமுணுக்காத காலை உண்டா? நான் ரெண்டு பாத்தி முடிப்பதற்குள் நீ அரைப் பாத்தியில் நிற்பாய்.

அந்த நெட்டுக்குள்தான், மூன்றாம் பாத்தி ஓரத்தில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். உன் அண்ணன்தான் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார். மீதி உனக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது, எந்த நிமிஷத்தில் போனாய் என்று.

காரியம் முடிந்ததும் உன் அண்ணன் ஆரம்பித்தார். "உசிரு போன எடம்மா அது. பிரிச்சி எடுத்துட்டு ராகி வெதைக்கலாம். பொம்பள ஒருத்தி அந்த வலைக்குள்ள தனியா, ஆவாது." அவர் கெட்டவர் இல்லை, நான் சொல்லி உனக்குத் தெரிய வேண்டியது இல்லை. நிலத்துமேல் ஆசை வைத்துப் பேசவும் இல்லை. ஆனால் எட்டு மாதமாக ஒரே பாட்டு.

நானும் அசையவில்லை. அந்த ஓட்டலிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. ஆள் போனதும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நானாகப் போய் நிற்க ரோஷம் விடவில்லை. வாங்க ஆள் இல்லாமலே விதைத்தேன், கிள்ளினேன், கிள்ளியதை மாட்டுக்குப் போட்டேன். பைத்தியம் பிடித்திருக்கிறது என்று உன் அண்ணி சொன்னாள். மாடு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியில் உன் அண்ணன் ஆளே ஏற்பாடு பண்ணிவிட்டார். திங்கட்கிழமை காலையில் நாலு பேர் வந்து நெட்டைப் பிரிப்பதாக முடிவு. அதைக் கேட்ட பிறகுதான் என் ரோஷம் எனக்கே கசந்தது. நேராக அவரிடம் போனேன். "ஏழு வருஷம் உங்க தம்பி வளத்த எல எங்க போச்சின்னு நீங்க ஒரு நாளும் பாத்தது இல்ல பெரிய மாமா. ஞாயித்துக்கெழம என்கூட ஒரு வேள சாப்பிட வாங்க. அப்புறம் திங்கக்கெழம உங்க இஷ்டம்" என்றேன். என்ன நினைத்தாரோ, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். காலையில் அறுத்த இலையை ஈரத்துணியில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டேன். காவ்யாவும் வந்தாள்.

கண்ணாடிக் கதவு, மாமா. தள்ளினால் திறக்கிறது, அவ்வளவுதான். என் செருப்பிலும் செம்மண் இருந்தது. வாசலில் நின்ற பெண் குனிந்து பார்க்கக்கூட இல்லை, "எத்தனை பேர்?" என்றுதான் கேட்டாள். இதற்கா ஏழு வருஷம் கூச்சப்பட்டாய்?

காவ்யா மெனுவைப் பார்த்துப் பச்சை சாஸ் போட்ட பாஸ்தாவும், தக்காளியும் பேசிலும் போட்ட பீட்சாவும் சொன்னாள். பீட்சா மேல் நாலு இலை பச்சையாகக் கிடந்தது. உன் அண்ணன் அதில் ஒன்றை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். கோயிலில் துளசி கொடுத்தால் வைத்துக்கொள்வதுபோலக் காதில் செருகிக்கொண்டார். காவ்யாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை, எனக்கும்தான். நீ இருந்திருந்தால் நீயும் அதைத்தானே செய்திருப்பாய்? இன்னொரு இலையை நான் வாயில் போட்டேன்.

கசந்தது.

ஓரமெல்லாம் ஐஸ் பெட்டியில் கிடந்து கறுத்திருந்தது. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இது பூ விட்ட செடியின் இலை. உன்னிடம் ஒரு கிரேட்டையே திருப்பி அனுப்பிய ஓட்டல் இது! எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. பரிமாறின பெண்ணிடம், "சமைக்கறவங்கள கொஞ்சம் கூப்பிடும்மா" என்றேன். உன் அண்ணன் பதறிப்போனார். "வேணாம்மா, வந்தமா தின்னமான்னு போவலாம்" என்றார். அப்படியே உன் குரல்.

தலையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஒரு பையன் வந்தான், கர்நாடகாவில் ஹாசன் பக்கத்துக்காரன். சமையலுக்கு அவன்தான் பொறுப்பாம். கன்னடத்தில் கேட்டேன். "பூ விட்ட எலைய எப்பிடிப்பா கைநீட்டி வாங்கன?" டப்பாவைத் திறந்து அவன் முன்னால் வைத்தேன். அவன் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தான். உடனே என் முகத்தைப் பார்த்தான்.

"முனிராஜ் அண்ணா வீட்டுக்காரங்களா?" என்றான். "ஏங்க்கா நிறுத்திட்டீங்க? நான் மூணு வாட்டி போன் பண்ணேன். வீட்டம்மா இனிமே பண்ணமாட்டாங்க, கூப்பிடாதீங்கன்னு பெரியவர் ஒருத்தர் சொல்லிட்டாரே."

உன் போன் காரியத்துக்குச் சொல்லியனுப்ப உன் அண்ணன் கையில் போனது, அவர் கையிலேயே இருந்துவிட்டது. அவருக்கும் கன்னடம் தெரியும். தட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் சொன்னன்" என்றார்.

"எதுக்கு பெரிய மாமா?"

"தம்பிய அங்கிருந்து நான்தான் தூக்கிட்டு ஓடனன். ரோட்டுக்கு வர்றதுக்குள்ளயே கனம் தெரிஞ்சிபோச்சி. யாருகிட்டயும் சொல்லல. நீயும் அதே எடத்துல குனிஞ்சி நிக்கற, தெனம் பாக்கறன். இன்னொரு வாட்டி என்னால தூக்க முடியாது மஞ்சுளா."

காதில் அந்த இலையோடு அவர் இதைச் சொன்னார். நீ எந்த இடத்தில் போனாய் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் தோளில் போயிருக்கிறாய். நான் அழவில்லை. அழுதிருந்தால் அந்த மேசையிலேயே நெட்டைப் பிரித்திருப்பார்.

"நீங்க ஒரு நாள் தூக்கனீங்க. நான் தெனம் அங்கதான் நிக்கறன்" என்றேன். "பயம் உங்களுக்கு. அதுக்கு என் நெட்ட எதுக்குப் பிரிக்கணும்?" பிறகு அந்தப் பையனிடம் திரும்பி, "செவ்வாக்கெழம காலையில கொண்டாரன்" என்றேன். அவன் தலையாட்டினான். "பின்பக்கம் வந்து பெல் அடிங்கக்கா."

"கொண்டாரப்ப பின்பக்கம் வரன். சாப்பிட வரப்ப முன்பக்கம்தான்" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே டப்பாவோடு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் நம் இலை போட்டு இன்னொரு பீட்சா வந்தது. உன் அண்ணன் முழுசாகச் சாப்பிட்டார், இலையையும் சேர்த்து. நன்றாகத்தான் இருக்கிறது, மாமா. நம் இலை சூட்டில் லேசாக வாடி, வாய் முழுக்க மணக்கிறது. இது உனக்குத் தெரியாமல் போனதுதான் எனக்கு ஆறவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் ஏணியும் கத்தியுமாக நாலு பேர் வந்து நின்றார்கள். வர வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. நான் நெட்டுக்குள் போய் மூன்றாம் பாத்தியில் நின்று கிள்ளிக்கொண்டிருந்தேன். ஆள் உள்ளே இருக்கும்போது எப்படிப் பிரிப்பது என்று அவர்கள் தலையைச் சொறிந்தார்கள்.

உன் அண்ணன் வந்தார். நீ போன நாளுக்குப் பிறகு அவர் அந்த நெட்டுக்குள் கால் வைத்ததே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். ஆட்களை அதட்டினார். "இன்னாத்த வேடிக்கை பாக்கறீங்க? அந்த மேக்கு மூல கிழிஞ்சி தொங்குது பாரு. தெச்சிட்டுப் போங்க."

தைத்துவிட்டுத்தான் போனார்கள். நேற்று, செவ்வாய்க்கிழமை, நானே கிரேட்டைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு இலைகூடத் திரும்பி வரவில்லை.

வாக்குக் கொடுக்கிறேன், கேட்டுக்கொள். உன் நெட் நிற்கும். தினமும் கிள்ளுவேன், பாவம் பார்க்க மாட்டேன். உன் திதி முடிந்த மறுநாள் அதே மேசையில் போய் உட்காருவேன். செருப்பில் இருக்கிற செம்மண்ணைத் துடைத்துக்கொண்டு போக மாட்டேன். மூன்றாம் பாத்தி ஓரத்தில், நீ உட்கார்ந்த இடத்தில், ஒரே ஒரு செடியை மட்டும் கிள்ளாமல் விட்டிருக்கிறேன். கதிர் விட்டிருக்கிறது, மாமா. அது எந்த ஓட்டலுக்கும் போகாது. கசந்தால் கசந்துவிட்டுப் போகட்டும், உன் ஆசை தீரப் பூக்கட்டும்.

உன் பேச்சை ஒருநாளும் கேட்காத,
உன் மாமன் மகள்
மஞ்சு