வரப்போரக் கடுகு

சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் நாய்க்கடுகின் வீச்சம் போகவில்லை. காலையில் கண்ணாடியைத் துடைக்கும்போது மூக்கில் ஏறியது. உமக்கு எழுதத் தோன்றியது.

நாகலாபுரத்துக் கரிசலில் கொத்தமல்லி விதைத்தபோது, வீட்டுத் தாளிப்புக்கென்று வரப்போரம் கடுகு தூவினீர். அது முளைத்ததைப் பார்க்க நீர் இல்லை. இப்போது பூத்திருக்கிறது. கூடவே நாய்க்கடுகும் களையாக மண்டியிருக்கிறது. அதுவும் மஞ்சள், அதற்கும் நாலு இதழ். களையெடுப்பவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்து உம் மனைவி எனக்குப் போன் செய்தார். "அவிய கையால போட்டது அண்ணாச்சி. நீங்க வந்து எது கடுகுன்னு காட்டித் தாங்க."

ஒரே கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர்கள் நாம். முள்ளங்கியானாலும் கடுகானாலும், சிலுவையாக நிற்கும் இதழ்களைப் பார்த்து, மகரந்தத் தாள்களில் நெட்டை நாலு, குட்டை இரண்டு என்று லென்ஸில் எண்ணாமல் நான் பெயர் சொன்னதில்லை. நீர் இலையைக் கசக்கி மோந்து சொல்லிவிடுவீர். "என்ன வேய், பொண்ணு பாக்க வந்த எடத்துல பல்லை எண்ணுதீரு?" என்பீர்.

நேற்றும் எண்ணினேன். புரை விழுந்த கண். பூவோ காற்றில் ஆடியது.

"சாரு பேரு வச்சு முடிக்கதுக்குள்ள பொழுது சாஞ்சிரும்" என்றாள் களையெடுக்க வந்த ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுட்டது. "ரெண்டும் இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

"களையை விடச் சொல்லவா அண்ணாச்சி உங்களைக் கூப்பிட்டேன்?" உம் மனைவியின் குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

குனிந்து தொட்டேன். பிரிந்த சிற்றிலைகள், பிசுபிசுப்பு. நாய்க்கடுகுதான், சந்தேகமில்லை. அவசரமாகப் பிடுங்கினேன். தூரில் இரண்டும் பின்னிக் கிடந்ததைப் பார்க்கவில்லை. உம் கடுகும் வேரோடு வந்துவிட்டது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"விடுங்க, ஒண்ணுதான. மிச்சத்தைச் சொல்லுங்க" என்றார் உம் மனைவி.

வரப்பு முடியும்வரை, இலையைக் கசக்கி மோந்து, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். மற்றவை பிழைத்தன.

நான் பிடுங்கிய கடுகை உம் மனைவி வீட்டுக்குக் கொண்டுபோனார். மதியம் இலையை வதக்கி, ஒரு பிடிகூட இல்லாத அந்தக் கீரையை என் தட்டிலேயே வைத்தார். "அவிய வெதச்சது, குப்பையில போட மனசு வரல" என்றார். தலை நிமிராமல் சாப்பிட்டேன். நீர் கடைசியாக விதைத்ததை முதலில் தின்றவன் நான்.