வியாழக்கிழமை வாங்க வேண்டிய கோட்டு

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் பெரிதாக ஒன்றும் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, உன் அண்ணன் குழந்தைக்கு இரண்டாவது பல்லும் வந்துவிட்டது, அதை முதலில் சோதித்துப் பார்த்தது என் விரலில்தான். நீ சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய், அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தடவை படித்தேன். சாப்பிடுகிறாயா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும், அதனால் கேட்கவில்லை, நீயாகவே எழுது.

உன் கடிதம் நேற்றுக் காலை கடல் தாண்டி வந்து சேர்ந்தது. 'இந்த மாதம் எனக்குப் பிடித்தவை' என்று தலைப்புப் போட்டு ஓரத்தில் படங்கள் வரைந்து நீ அனுப்பிய பட்டியலை அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். முதலில் ஏதோ ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம், ஒருத்தி படகுத்துறையில் யாருக்காகவோ காத்துக்கொண்டே இருக்கிறாள், படகு வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது, அதை நீ இரண்டு தடவை பார்த்தாயாம். "நம்ம பஸ் டிப்போவுக்கு வரச் சொல்லு, அங்க தினமும் அதே படம்தான் ஓடுது" என்றார். இரண்டாவது, இஸ்திரி போடாத சட்டை, கசங்கி இருந்தால்தான் அதற்கு உயிர் இருக்கிறதாம். இருபத்தாறு வருஷமாக ஆவியில் நின்று ஊரார் துணியில் சுருக்கம் எடுக்கிறவள் வயிற்றில் பிறந்துவிட்டு இதை எழுத உனக்குக் கை வந்தது பார். மூன்றாவது, செல்போனை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு மாதம் முழுக்கக் கடிதம் மட்டும்தான் என்பது. உன் ஓவியக் கல்லூரியில் இதெல்லாம் புதுமையாக இருக்கலாம், தினம் வாசலில் தபால்காரரைப் பார்த்து நிற்கிறவள் நான், போகட்டும். இதுவரை நானும் சிரித்துக்கொண்டுதான் படித்தேன். நாலாவதாக அந்தக் கோட்டு வந்தது.

கரும்பச்சைக் கம்பளிக் கோட்டு, பழைய துணிக்கடையில் குவியலுக்கு அடியில் கிடந்தது, போட்டுப் பார்த்தால் எனக்கென்றே அளவெடுத்தது மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். காலருக்கு அடியில் ஒரு துணிப்பட்டை இருக்கிறது, அதில் நம்ம எழுத்தில் 'வியாழன்' என்று மையால் எழுதியிருக்கிறது, உலகம் எவ்வளவு சின்னது பார்த்தாயா அம்மா என்று கேட்டிருந்தாய். பட்டையையும் வரைந்திருந்தாய். நீ சின்ன வயதிலிருந்தே பார்த்ததைப் பார்த்தபடி வரைகிறவள், ஒரு தையல்கூட விடமாட்டாய். சிவப்பு நூல், பெருக்கல் குறி மாதிரித் தையல், மூன்று பக்கம் தைத்து நாலாவது பக்கம் தைக்காமல் விட்டிருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அப்பா வந்து அணைத்தார். அந்த நாலாவது பக்கத்தைத் தைக்காமல் விட்டவள் நான்தான்.

எங்கள் சலவைக் கடை வழக்கம் உனக்குத் தெரியும், வாடிக்கையாளர் துணி என்றால் பட்டையில் நம்பர், கடையில் வேலை செய்கிறவர்கள் வீட்டுத் துணி என்றால் நம்பர் போடக்கூடாது, எந்தக் கிழமை எடுத்துப் போவார்கள் என்று மட்டும் எழுதித் தைக்க வேண்டும். அந்தக் கோட்டு என் தங்கையுடையது. உன் சித்தி. நீ பிறக்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டாள் என்று உனக்குச் சொல்லி வளர்த்தேன், அது பொய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டே இத்தனை வருஷம் இருந்துவிட்டேன், உன் அண்ணனுக்கும் தெரியாது. அவளும் உன்னைப் போலப் படம் வரையப் படித்தவள், உன் வயதுதான். ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்து கோட்டைக் கழற்றி மேஜை மேல் போட்டாள், பையில் மை கொட்டிவிட்டதாம். "வியாழக்கிழமை சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்க்கா, குளிருது, மறந்துடாதே" என்றாள். நான் பட்டையைத் தைக்க ஆரம்பித்தேன், மூன்று பக்கம் முடிவதற்குள் ஒரு அம்மாள் கல்யாணப் புடவையில் கறை என்று வந்து நின்றாள், ஊசியை அப்படியே வைத்துவிட்டுப் போனேன். பிறகு தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமைதான் அப்பாவுக்கு டிப்போவில் வேலை நிரந்தரமான செய்தி வந்தது. சினிமாவுக்குப் போகலாம் என்று உன் அண்ணனைத் தோளில் தூக்கிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றார். முதலாளி ஊரில் இல்லை. நான் நாலு மணிக்கே ஷட்டரை இறக்கிவிட்டேன். அவளை மறந்தேன் என்று சொன்னால்கூடப் பாதிப் பொய், நினைவு வந்தது, நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும், என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்துக்கொண்டுதான் இறக்கினேன். மறுநாள் எதிர்ச் சாரியில் சாவி செய்கிறவர் சொன்னார், "உன் தங்கச்சி வந்துச்சும்மா, கைய கக்கத்துல வச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னுச்சு, ஷட்டரைத் தட்டிப் பாத்துச்சு, அப்புறம் விசிலடிச்சுக்கிட்டே போயிடுச்சு." அவள் விடுதிக்கும் போகவில்லை, எங்கள் வீட்டுக்கும் வரவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, ஆற்றங்கரை என்று எல்லா இடமும் தேடினோம். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது, உயிரோடு இருக்கிறாள் என்றோ இல்லை என்றோ இன்றுவரை ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை.

கோட்டை நான் கம்பியின் கடைசியில் மாட்டி வைத்துத் தினம் தூசி தட்டினேன். ஒரு வருஷம் யாரும் எடுக்காத துணியை மூட்டை கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற வியாபாரியிடம் கொடுத்துவிடுவது எங்கள் கடையில் சட்டம், இதை மட்டும் தொடாதீர்கள் என்று முதலாளியிடம் சொல்லியிருந்தேன். ஆனால் வியாபாரி வந்த அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன், நீ பிறந்த நாள் அது. கைமறதியாக அதுவும் மூட்டையில் போய்விட்டது. நீ வந்த அன்றைக்கு அது போனது என்று யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை, பச்சைக் குழந்தை மேல் அப்படி ஒரு சொல்லை யார் போடுவார்கள். இத்தனை கடல் தாண்டி இத்தனை குவியலில் அது உன் தோளில்தான் ஏற வேண்டுமா? அப்பா இதைத் தற்செயல் என்கிறார். சொல்லிவிட்டு நேற்று முழுக்க ரேடியோவைப் போடவில்லை.

கோட்டோடு நின்றிருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஐந்தாவதாக நீ எழுதியிருந்ததைக் கேள், கொஞ்ச நாளாக ஒரு கால் ஷூவில் சிவப்பு நாடாவும் மறு கால் ஷூவில் கறுப்பு நாடாவும் கட்டுகிறேன், ஏனென்று தெரியவில்லை, கை தானாகப் போகிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் அழகு என்கிறார்கள் என்று. அவளும் அப்படித்தான் கட்டுவாள், அதற்காக எங்கள் அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் இல்லை. அவளுடைய போட்டோ ஒன்றுகூட நம் வீட்டில் வெளியே இல்லை, எல்லாவற்றையும் நானே பெட்டியில் போட்டுப் பூட்டினேன், பிறகு உனக்கு யார் சொன்னது? கடைசியில், கோட்டை இன்றைக்குத்தான் இங்கே ஒரு சலவைக் கடையில் போட்டேன், பையில் பழைய மைக்கறை இருக்கிறது, அடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள், பட்டையில் எழுதியிருக்கிற அதே கிழமை என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வரைந்திருக்கிறாய். அந்த முகத்தைக் கட்டை விரலால் மூடிக்கொண்டுதான் மறுபடி படித்தேன்.

உன் போன் அணைந்துதான் இருந்தது. அதனால் நேற்று மத்தியானம் உன் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷி, நம்ம ஊர்ப் பக்கத்துக்காரிதான், கலகலவென்று பேசினாள். "உங்க பொண்ணுதானே, இப்பத்தான் படியிறங்கிப் போச்சு, அந்தப் பச்சைக் கோட்டைப் போட்டுக்கிட்டு, நான் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல, விசிலடிச்சுக்கிட்டே போயிடுச்சு" என்றாள். கோட்டு சலவைக் கடையில் இருக்கிறதே அம்மா, தயவுசெய்து மேலே போய் அவள் அறைக் கதவைத் தட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே ஏறினாள், படி ஒவ்வொன்றாகக் கேட்டது. நீ உள்ளேதான் இருந்தாய். கையெல்லாம் வண்ணமாக இருக்கிறது, மாதம் முடியும்வரை போனைத் தொடமாட்டேன், அம்மாவைக் கடிதம் போடச் சொல்லுங்கள் என்று நீ சொன்னது என் காதிலேயே விழுந்தது. உன் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டேன், உனக்கு அது கேட்டிருக்காது. வீட்டுக்காரம்மா இறங்கி வரும்போது, "அப்ப கீழ போனது யாருன்னு தெரியலையே, மேல் மாடியில யாராவது இருக்கும்" என்று சொன்னாள். மேல் மாடியில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டேன். பெயிண்ட் அடிக்கிறார்கள், ஒரு மாதமாக ஆளில்லை என்றாள்.

உனக்கு விசிலடிக்க வராது. ஏழு வயதில் உதட்டைக் குவித்துக் காற்றை மட்டும் ஊதிவிட்டு அழுதாய், நினைவிருக்கிறதா.

இதையெல்லாம் வீட்டுக்காரம்மா வாயால் எப்படிச் சொல்லி அனுப்புவது, அதனால்தான் எழுதுகிறேன். இன்றைக்குக் கூரியரில் போட்டால் புதன்கிழமை உன் கையில் இருக்கும் என்று கடைக்காரர் சத்தியம் செய்கிறார். நேற்று ராத்திரி முதலில், அந்தச் சனியன் பிடித்த கோட்டை அங்கேயே விட்டுவிடு, அந்தத் தெருப்பக்கமே போகாதே என்றுதான் எழுதினேன், ஒரு தாள் முழுக்க எழுதினேன். அப்பா வாங்கிப் படித்துவிட்டு மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ அன்னைக்குக் கேட்டது அது ஒண்ணைத்தானே" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அவளைப் பற்றிப் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். இவ்வளவு நாளும் அந்தச் சினிமாவுக்காக என்னைப் போலவே அவரும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்திருக்கிறார் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது.

அதனால் சொல்கிறேன், அவள் வாங்காமல் போனதை இந்தத் தடவை நீ வாங்கிவிடு, பயப்படாதே, ஆனால் காதில் போட்டுக்கொள். வியாழக்கிழமை மூன்று மணிக்கெல்லாம் போய்விடு, நாலு மணி வரை தள்ளாதே. தனியாகப் போகாமல் கூடப் படிக்கிற யாரையாவது அழைத்துப் போ. ரசீதை வேறு யார் கையிலும் கொடுக்காதே. கடை சாத்தியிருந்தால் அங்கே நிற்காதே, பக்கத்துக் கடையில் விசாரி, முதலாளி வீட்டுக்கு ஆள் அனுப்பு, சண்டை போட்டாவது திறக்கச் சொல், நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் திரும்பிவிடாதே. கோட்டை அங்கேயே போட்டுக்கொள், கழுத்துவரை பொத்தான் மாட்டு. வீட்டுக்கு வந்ததும் சிவப்பு நூல் எடுத்துப் பட்டையின் நாலாவது பக்கத்தைத் தைத்துவிடு, உனக்குத் தையல் வராது, கோணலாகப் போனாலும் பரவாயில்லை. அப்புறம் அந்த இழுப்பறையைத் திறந்து எனக்கு ஒரு போன் போடு, கலை ஒரு நாள் பொறுத்துக்கொள்ளும்.

எங்கிருந்தாலும் உன் தலைக்கு மேல் கூரையும் தோள் மேல் கம்பளியும் இருக்க வேண்டும், உன் கண்ணும் கையும் நன்றாக இருக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். அண்ணனும் குழந்தையும் விசாரித்தார்கள். முதலாளிக்கு வயதாகிவிட்டது, கடைச் சாவி இப்போது என்னிடம்தான். வியாழக்கிழமை உன் போன் வரும்வரை ஷட்டரை இறக்கமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன், வாசல் விளக்கையும் போட்டு வைப்பேன், அப்பாவும் வந்து உட்காருகிறேன் என்றிருக்கிறார். உனக்காக மட்டும் இல்லை. கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யாராவது வந்து நின்றால், கோட்டு பத்திரமாக இருக்கிறது, என் மகள் போட்டிருக்கிறாள், நீ உள்ளே வந்து உட்கார் என்று சொல்ல அன்றைக்காவது நான் கடையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

மறக்காதே: வியாழக்கிழமை, மூன்று மணி.