வெள்ளைக் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும் மாதங்கள்

உங்களிடம் நேரில் சொல்லத் துணியாததை இப்போது எழுதுகிறேன். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதுவும் வராது.

1. சொனாட்டா என்கிற அந்தப் பியானோ உருப்படிகளை நீங்கள் கற்ற வரிசை, வரிசையே அல்ல.
2. உங்களுக்கு யோசனை சொன்ன வீடியோக்காரர்கள் வெறும் வியாபாரிகள்.
3. அடுத்து எதைக் கற்பது என்று மழையிடம் கேட்கக் கூடாது.

இன்று மதியம் உங்கள் பியானோவின் மூடியைத் திறந்தேன். அந்துருண்டையும் ஈரக் கம்பளியும் கலந்த நெடி முகத்தில் அடித்தது. நீங்கள் கண்மூடியபின் வரும் முதல் ஐப்பசி இது.

முதல் விஷயம். கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற நானும், பிரெஞ்சு ராணுவத்திலிருந்து பென்ஷனோடு ஊர் திரும்பிய நீங்களும், அறுபது தாண்டிய பிறகு உங்கள் வீட்டுப் பியானோவில் ஒன்றாகத்தான் தொடங்கினோம். நான் போட்ட வரிசை யாருக்கும் புரியக்கூடியது. பெரும்பாலும் வெள்ளைக் கட்டைகளிலேயே ஓடுகிற சொனாட்டா முதலில். ஸ்தாயிக்கு ஒரு கறுப்புக் கட்டை கேட்பது அடுத்து. இரண்டு கேட்பது அதற்கடுத்து. நீங்கள் சிரித்தீர்கள். “வாத்தியாரே, பியானோ கத்துக்க வந்தீங்களா, கறுப்புக் கட்டைய எண்ண வந்தீங்களா?”

எண்ணத் தெரியாதவர் அப்படித்தான் கேட்பார். ஏழு ஸ்வரத்தைத் தடுமாறாமல் ஏறி இறங்கத் தெரியாத நீங்கள், பெரிய கலைஞர்களே பயந்து தொடும் ஒரு சொனாட்டாவுக்குள் நேராக நுழைந்தீர்கள். அதுவும் முதல் பகுதியில் அல்ல. நடுவில் உள்ள மெதுவான பகுதியில். பழக்கமில்லாத வீட்டுக்குள் கொல்லைப்புறமாகப் புகுந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, வாசல் எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்காத மனிதர் நீங்கள். இதைச் சொல்ல ஒவ்வொரு முறையும் வாயெடுத்தேன். “அதுவும் ஒரு வழிதாங்க” என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டுக் காபியைக் குடித்தேன்.

இரண்டாவது. போனில் நீங்கள் பார்த்த அந்த ஆசாமிகள். ஒருவர் கடைசியிலிருந்து கற்கச் சொன்னார், இன்னொருவர் பிடித்ததை மட்டும் கற்கச் சொன்னார். கடைசியாகப் பார்த்த வீடியோவில் சிரித்துக்கொண்டே ஒருவர் சொன்னதுதான் உங்களுக்கு வேதம். “உணர்ந்து வாசிச்சா போதும்னு சொல்றாரு வாத்தியாரே!” தாளம் நிற்காதவர் எதை உணர்வது? அந்த வீடியோக்காரர் உணர்ந்ததெல்லாம், வீடியோ முடியும்போது தன் புத்தகத்தை விற்க வேண்டும் என்பதை மட்டும்தான். அவரை நம்பிய உங்களைப் பற்றி நான் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக மட்டமாகத் தோன்றியது. கடற்காற்றோடு மழை சேர்ந்தால் உங்கள் பியானோவின் வெள்ளைக் கட்டைகள் ஊதி ஒன்றோடொன்று உரசும்; அழுத்தினால் எழும்பாது. கறுப்புக் கட்டைகளுக்கு இருபுறமும் இடம் உண்டு, அவை ஒட்டுவதில்லை. உடனே நீங்கள் கறுப்புக் கட்டை நிறைந்ததாகத் தேடிப்பிடித்து வாசிப்பீர்கள். “வெள்ளைக்கெல்லாம் தை வரைக்கும் லீவு விட்டாச்சுங்க.” ஒரு கலையின் வரிசையை மரத்தின் ஈரம் முடிவு செய்வதா? நான் என் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் பக்கத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருப்பேன். தை பிறந்து கட்டைகள் காய்ந்ததும் பார்த்தால் என் விரல்கள் எல்லாவற்றையும் மறந்திருக்கும். மறுபடி முதல் சொனாட்டாவிலிருந்து தொடங்குவேன்.

இன்று உங்கள் மனைவி என்னைக் கூப்பிட்டனுப்பியதற்குக் காரணம் உண்டு. பியானோவை விற்றுவிடச் சொல்லிப் பிரான்சிலிருந்து உங்கள் மகன் ஆள் ஏற்பாடு செய்துவிட்டார். அந்த ஆள் புதுச்சேரியிலிருந்து நாளை வருவதாக இருந்தது. உங்கள் மனைவி சொன்னார்:

“வாசிக்க ஆளில்லாம நான் தூசி தட்டிக்கிட்டே இருக்கவா சார்? ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்க. நீங்க வாசிப்பீங்கன்னா இருக்கட்டும். இல்லன்னா போவட்டும்.”

என் முதல் சொனாட்டாவை எடுத்தேன். இரண்டாவது வரி முடிவதற்குள் வெள்ளைக் கட்டைகள் வரிசையாகக் கீழே போய் அங்கேயே நின்றுவிட்டன. பல் விழுந்த வாய் போல இருந்தது. உங்கள் மனைவி கதவருகில் நின்று கேட்டார்: “இத்தனை வருசமா இதத்தான் வாசிக்கிறீங்களா சார்?” கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குக் காது சுட்டது.

வேறு வழியில்லாமல் உங்கள் புத்தகத்தைப் பிரித்தேன். அந்த மெதுவான பகுதி ஸ்தாயியின் ஐந்து கறுப்புக் கட்டைகளையும் கேட்கிறது. வெள்ளையில் இரண்டே போதும். என் வரிசைப்படி நான் அதைத் தொட இந்த ஜென்மம் போதாது. ஆனால் எத்தனையோ மழை மதியங்களில், உள்ளுக்குள் ஏளனம் செய்தபடியே, கேட்டுக் கேட்டு அது என் காதில் ஊறியிருந்தது. தட்டுத் தடுமாறி வாசித்தேன். ஒட்டிய ஒரு வெள்ளைக் கட்டையை, நீங்கள் செய்வது போலவே, கட்டைவிரல் நகத்தால் நெம்பிவிட்டுத் தொடர்ந்தேன். ஒரு பக்கம்கூட முடிக்கவில்லை.

உங்கள் மனைவி உட்கார்ந்துவிட்டார். “அவரு இன்னும் மெதுவா வாசிப்பாரு” என்றார். பிறகு போனை எடுத்தார். “நாளைக்கு வராதீங்க தம்பி. இங்க வாசிக்கிற ஆள் இருக்காரு.”

முதல் இரண்டு விஷயங்களில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றப் போவதில்லை. உங்களோடு சேர்ந்து அந்த வீடியோக்காரரும் என்னை மன்னிக்க வேண்டாம். மூன்றாவதில் நான் சொன்னது தவறு. இந்த ஊரில் பியானோ கற்பவன் மழையிடம் கேட்கத்தான் வேண்டும். நீங்கள் கேட்டீர்கள், முன்னே போனீர்கள். நான் கேட்கவில்லை, ஒவ்வொரு தையிலும் முதல் சொனாட்டாவின் முதல் வரியில் நின்றேன். எண்ணத் தெரியாத உங்களிடமிருந்து என் கைக்கு வந்து சேர்ந்திருப்பது, அரைகுறையாக ஒரு பக்கமும், கட்டையை நெம்பும் அந்தப் பழக்கமும். நாளைக்கும் மழை என்கிறார்கள். மிச்சத்தைப் பார்க்கிறேன்.