மனைவியையும் கேட்டார்கள்

பிப்ரவரி 9

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? போன தடவை அரைப் பக்கம்தான் எழுதியிருந்தாய். உன் பேருக்கே இழுக்கு!

இந்தக் கூட்டுக் கம்பெனியில் செய்வது பம்பு ஒன்றுதான், முதலாளி இரண்டு. நம்மூர்க்காரர் பாதி, இந்த நாட்டுக்காரர்கள் பாதி, நடுவில் மேனேஜர் நான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மீட்டிங்கில் நான் எதைச் சொன்னாலும் இவர்கள் தலையாட்டுகிறார்கள். சம்மதம் என்று நினைத்து வேலையை ஆரம்பித்தேன். காதில் விழுந்தது என்றுதான் அர்த்தமாம். நல்ல கூத்து.

சாயங்காலம் ஃபிளாட்டுக்கு வந்தால் பேச ஆளில்லை. பாஷை புரியாவிட்டாலும் டிவியைப் போட்டுவிடுகிறேன், மனிதக் குரல் கேட்கட்டுமே என்று.

ஒரு சேதி. இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், இந்தத் தடவை குடும்பத்தோடு. பாப்பாவை இங்கேயே நாலாம் வகுப்பில் சேர்த்துவிடலாம். நீ 'சரி' என்றால் கையெழுத்துப் போடுகிறேன். இல்லையென்றால் வேறு ஆளைத் தேடச் சொல்லிவிட்டுக் கிளம்பி வருகிறேன்.

உன் வீட்டுக்காரன்

பிப்ரவரி 24

மேனேஜர் ஐயாவுக்கு அன்புடன்,

நாங்கள் நலம். பாப்பா இப்போதே நாலாம் வகுப்புதான் படிக்கிறாள். போகட்டும், மறதி எல்லோருக்கும் உண்டு.

சமையலறைக் குழாய் ஒழுகியது. வாஷர் வாங்கி நானே மாற்றிவிட்டேன். உங்கள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

நீங்கள் கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 15

அன்புள்ள உனக்கு,

உன் பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் வேறொன்று காதுக்கு வந்துவிட்டது.

நான் கிளம்பினால் யாரைப் போடுவது என்று பேச்சு வந்தது. என்னை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று இவர்களுடைய டைரக்டரிடம் கேட்டேன். என் இருபது வருஷ அனுபவத்தைச் சொல்வார் என்று நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். "அனுபவம் அஞ்சு பேருக்குமே இருந்துச்சு. மனைவிகளையும் தனித்தனியா கூப்பிட்டுக் கேட்டோமே, அதுலதான் முடிவு பண்ணோம்" என்றார். மற்ற நாலு மனைவிகளும் கணவரை விட்டு இருக்க முடியாது என்றார்களாம். நீ மட்டும், "இங்க இருக்கும்போதும் அவர் ஃபேக்டரியிலதான் இருப்பார். அவர் இல்லாம எங்களுக்குப் பழகிடுச்சு" என்றாயாம். இப்படிப்பட்ட குடும்பம்தான் தோது என்று என் பேரை எழுதிவிட்டார்கள்.

எனக்கு வேலை கிடைக்கட்டும் என்றுதானே அப்படிச் சொன்னாய்? உண்மையைச் சொல். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை.

உன் பதிலுக்காகவே இருப்பவன்

ஏப்ரல் 2

அன்புள்ளவருக்கு,

வேலைக்காகச் சொல்லவில்லை. எங்களையும் கேட்பார்கள் என்றே எனக்குத் தெரியாது. துணைக்கு வந்ததாக நினைத்து வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிட்டு, "உங்களுக்கு எப்படிம்மா இருக்கு?" என்று அந்த டைரக்டர் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். அதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, உள்ளதைச் சொன்னேன். நான் சொன்னது குறை. அவர்கள் அதைத் தகுதி என்று எடுத்துக்கொண்டார்கள். தலையாட்டலைச் சம்மதம் என்று நினைத்த உங்களுக்கு இது புரியும்.

உங்கள் பேர் வந்த அன்று நீங்கள் ஸ்வீட் பாக்ஸோடு வந்தீர்கள். அப்போதாவது கேட்பீர்கள் என்று பார்த்தேன். பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டீர்கள்.

உங்கள் மேல் கோபமில்லை. நீங்கள் கெட்டவரும் இல்லை. அங்கே தனியாக இருக்கிறீர்கள் என்று படிக்கும்போது பாவமாகத்தான் இருக்கிறது. இங்கே நான் இருந்ததும் அப்படித்தான். என்ன, பாஷை மட்டும் புரிந்தது.

பாப்பாவிடமும் கேட்டேன். "அப்பா இங்க வந்தாலும் வீட்டுக்கு லேட்டாதானேம்மா வருவாங்க?" என்றாள்.

மூன்று வருஷத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். எங்களுக்கு டிக்கெட் போட வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாப்பாவின் அம்மா